பிராஸ் பாசாவில் அச்சடித்து வாங்கிய கிர்ஷ்னர்

ராத்திரி ஷிப்ட் முடிந்து, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் வீட்டுக்கு வர விடியற்காலை ஆறு மணி ஆகிவிடும். சில நாள் எதிர் புளோக்குக்குப் பின்னால் நிலா இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தை ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1919-இல் வரைந்திருக்கிறார். முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் போய், மனம் நொறுங்கி, சுவிட்சர்லாந்தில் டாவோஸ் மலைப்பக்கம் ஒதுங்கியிருந்த காலம். மஞ்சள் நிலா, ஆழ்ந்த நீல மலை, முன்னால் இளஞ்சிவப்பு மரங்கள். மரம் எங்காவது அந்த நிறத்தில் இருக்குமா என்று என் மனைவி கேட்டாள். தூங்காத கண்ணுக்கு இருக்கும்.

மூல ஓவியம் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் சதுரம். அதன் அச்சுப் பிரதியை முதலில் இணையத்தில் ஒரு கடையில் வாங்கினேன், 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சதுரப் படத்தை நீளவாக்கில் வெட்டி, இரண்டு ஓரத்து மரங்களையும் காணாமல் செய்து அனுப்பியிருந்தார்கள். மிச்ச மரங்கள் பழுப்பாக, காய்ந்த கட்டைபோல இருந்தன. மனசே விட்டுப்போனது.

அப்புறம்தான் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கிர்ஷ்னர் 1938-இல் இறந்துவிட்டதால் காப்புரிமைச் சிக்கல் இல்லை. படத்தைப் பெரிய கணினிக் கோப்பாக எடுத்துப் போயிருந்தேன். கடைக்கார அங்கிள் உடனே அச்சடிக்கவில்லை. மரமும் மலையும் சேர்கிற இடத்தை மட்டும் மூன்று வகைத் தாளில் துண்டு துண்டாக அடித்து, வெளி நடைபாதைக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் காட்டினார். பளபளப்புத் தாளில் நீலம் கறுத்துவிட்டது. பருத்தித் தாளில் மலையின் நீலம் நீலமாகவே நின்றது. அதையே எடுத்தேன்.

60 சென்டிமீட்டர் சதுரம், அச்சு 95 வெள்ளி, படச்சட்டம் 110. நம் ஊர் ஈரப்பதத்தில் தாள் அலை அலையாக வளையும் என்று பின்பக்கத்தை நாடா ஒட்டி முழுக்க அடைத்துக் கொடுத்தார். ஐந்து மாதமாகிறது, வளையவில்லை. கண்ணாடிதான் குறை: ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் நம் முகம்தான் தெரிகிறது. பிரதிபலிக்காத கண்ணாடிக்கு இன்னும் 60 வெள்ளி, கொடுத்திருக்கலாம். சொன்னதைவிட ஒரு வாரம் தாமதமும் ஆனது.

இப்போது கதவைத் திறந்ததும் தெரிகிற சுவரில் இருக்கிறது. காலணியைக் கழற்றியபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன். அந்தக் கடைக்குப் போவதென்றால் வார நாளில் போங்கள், சனிக்கிழமை அங்கிளுக்குத் துண்டு அடித்துக் காட்ட நேரம் இருப்பதில்லை.