காது மடல் நரம்பு: காப்பதா, வெட்டுவதா?

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்கு, காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. கட்டியை அறுத்து எடுக்கும்போது காது மடலுக்குப் போகும் நரம்பைக் காப்பாற்றிப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டதும் வீட்டில் குழப்பம். வாய் கோணிவிடுமோ என்று மாமாவுக்குப் பயம். வாயை அசைப்பது முக நரம்பு, அது வேறு. இது கழுத்துத் தண்டுவடத்தின் 2, 3ஆம் நரம்புகளிலிருந்து வரும், தொடு உணர்ச்சிக்கான நரம்பு. முன்கிளை சுரப்பிப் பக்கம் போவதால் பெரும்பாலும் தப்பாது. பேச்செல்லாம் காது மடலுக்குப் போகும் பின்கிளையைப் பற்றித்தான்.

நேரம்: வெட்டினால் வேலை சுருக்கம். காத்தால் பிரித்தெடுக்கச் சில நிமிடங்கள் கூடுதல்.

உணர்ச்சி: வெட்டினால் மடல் மரத்துப்போகும்; மாதக்கணக்கில் மெல்லக் குறையும், கொஞ்சம் நிலைக்கவும் செய்யலாம். காத்தாலும் முதலில் மரப்பு உண்டு, ஆனால் நன்றாகத் திரும்ப வாய்ப்பு அதிகம்.

அன்றாடம்: மரத்த மடலில் தோட்டுத் திருகு மாட்டுவது பெரும்பாடு. ஏற்காட்டுக் குளிர்கூட ஒரு காதுக்கு மட்டும் சரியாகத் தெரியாது! ஆண்களுக்குச் சவரம் செய்யும்போது கீறினாலும் உறைக்காது.

புற்றுநோய்க் கட்டி நரம்பைப் பிடித்திருந்தால் வெட்டுவதே சரி. சாதாரணக் கட்டி, நரம்பும் தள்ளியிருக்கிறது என்றால் காக்கச் சொல்லிக் கேட்கலாம். அத்தை தோட்டுக்காகவே காக்கச் சொல்லிவிட்டார்.