பாப்-அப் கேம்பருக்குள் கழிப்பறை தேவையா? இரவில் எழுகிறவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

காரின் பின்னால் மடித்து இழுத்துச் சென்று, தங்கும் இடத்தில் கூரையை உயர்த்தி விரித்துக்கொள்ளும் வண்டிதான் பாப்-அப் கேம்பர். அதை வாங்கப்போகும் குடும்பத்தில் படுக்கை எத்தனை, அடுப்பு உள்ளேயா வெளியேயா என்ற பேச்செல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். கழிப்பறைப் பேச்சு வந்ததும்தான் வீடு இரண்டு கட்சியாகப் பிரியும். முகாம் தளத்திலேயே கழிப்பறை இருக்கும்போது எதற்கு இடத்தை அடைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. நடு இரவில், கொட்டும் மழையில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் போவது என்பது மறு கட்சி. நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு குழந்தைகளோ முதியவர்களோ கூட வரும் குடும்பத்துக்கு இரவுக்கென்று ஒரு கழிப்பறை கட்டாயம் வேண்டும். ஆனால் அது வண்டியோடு சேர்த்துப் பொருத்தியதாக இருக்க வேண்டியதே இல்லை.

இந்த வண்டியின் அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் ஒப்பிட முடியும். அடிப்பெட்டி 8 அடி முதல் 14 அடி நீளம் வரை இருக்கும். அகலம் ஏறத்தாழ 7 அடி. கூரையை உயர்த்தி, இரு பக்கமும் படுக்கைகளை வெளியே இழுத்தால் சுற்றுச்சுவர் பெரும்பாலும் கேன்வாஸ் துணிதான். ஆகவே உள்ளே எழும் ஒவ்வொரு சத்தமும் எல்லோருக்கும் கேட்கும். மூடிவிட்டாலோ, உள்ளே இருக்கும் எதையும் எடுக்க முடியாது. பெரிய கேரவன்களுக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே இதற்குப் பொருத்திப் பார்க்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

முதல் வழி, எதுவுமே வைத்துக்கொள்ளாமல் தளத்தின் பொதுக் கழிப்பறையை நம்புவது. பகலில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கழுவுவது, சுமப்பது, கொட்டுவது எதுவும் நம் பொறுப்பில்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் சுத்தமான கழிப்பறை இருந்து, எல்லோரும் திடகாத்திரமாக இருந்து, பிள்ளைகளும் பத்து வயதைக் கடந்திருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் இருட்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கழிப்பறை தூரமாக இருக்கும் தளத்தில் பெண்களும் குழந்தைகளும் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாளெல்லாம் வெயிலில் அலைந்தவர்கள் தண்ணீரைத் தள்ளிப்போட்டு, சிறுநீரையும் அடக்கிக்கொண்டு படுத்தால் தலைவலி வரும். சிறுநீர்த் தொற்றுக்கும் வழி பிறக்கும். கருவுற்றவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புராஸ்டேட் வீங்கிய ஆண்கள் ஆகியோர் ஓர் இரவில் பலமுறை எழ நேரிடும். கழிப்பறைப் பழக்கத்தை இப்போதுதான் கற்கும் குழந்தையோ முன்னறிவிப்பே தராது. சொல்லும், உடனே போய்விடும். செருப்பைத் தேடி, டார்ச்சைத் தேடி, கதவின் ஜிப்பைத் திறப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். இத்தனை பேர் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டு "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது வாளி. 20 லிட்டர் வாளியின் விளிம்பில் மாட்டும்படி இருக்கையும் மூடியும் கிடைக்கின்றன. உள்ளே தடித்த பையை விரித்து, ஜெல் ஆக்கும் தூளைப் போட வேண்டும். குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் அதே வகைப் பொருள்தான் இந்தத் தூளிலும் இருக்கிறது, திரவத்தைக் கெட்டியாக்கிவிடும். கழுவ எதுவுமில்லை, பழுதாக எதுவுமில்லை, விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு பையும் குப்பைக்குத்தான் போக வேண்டும். அதை எல்லாத் தளங்களும் அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் இடத்திலும் அதற்கென்று விற்கும் இரட்டைப் பையைத்தான் பயன்படுத்தச் சொல்வார்கள். நான்கு பேர் தினமும் பயன்படுத்தினால் பை மலைபோல் குவியும். கேம்பருக்குள் முதன்மையான ஏற்பாடாக இதை நான் சொல்லமாட்டேன்.

இருந்தாலும் வாளிக்கு வேறோர் இடம் உண்டு: காரின் டிக்கி. சாலையில் போகும்போது கேம்பர் மடிந்து கிடக்கும். உள்ளே எவ்வளவு உயர்தரக் கழிப்பறை இருந்தாலும் அங்கே அது பயன்படாது. நெரிசலில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்குக் கை கொடுப்பது காரில் இருக்கும் வாளிதான். கேம்பரில் என்ன வைத்தாலும் சரி, காரில் ஒரு வாளி இருக்கட்டும்.

இனி நான் பரிந்துரைப்பது: இரண்டு அடுக்குள்ள கையடக்கக் கழிப்பறை. தெட்ஃபோர்ட் நிறுவனத்தின் 'போர்ட்டா பாட்டி'யைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வேறு நிறுவனங்களும் இதே அமைப்பில் செய்கின்றன. மேலடுக்கில் இருக்கையும் ஃபிளஷ் தண்ணீரும். கீழடுக்கில் கழிவுத் தொட்டி. இடையே ஒரு தகடு இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். மூடிய தகடு வாடையை நன்றாகவே அடக்கிவிடும். கழிவுத் தொட்டி சிறியவற்றில் 10 லிட்டர், பெரியவற்றில் 20 லிட்டர் அளவில் இருக்கும்.

எது போதும்? வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் 1 முதல் 2 லிட்டர் வரை சிறுநீர் கழிக்கிறார். நான்கு பேர் இரவு பகலாக எல்லாவற்றுக்கும் இதையே பயன்படுத்தினால், ஃபிளஷ் தண்ணீரையும் சேர்த்து, 10 லிட்டர் தொட்டி மறுநாளே நிரம்பிவிடும். இரவுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் கணக்கே மாறுகிறது. ஒரு தடவைக்கு 300 முதல் 500 மில்லி, அதோடு கொஞ்சம் ஃபிளஷ். இரவில் ஐந்து தடவை என்றாலும் 3 லிட்டருக்குள் அடங்கும். சின்னத் தொட்டியே மூன்று இரவு தாங்கும். தண்ணீரால் கழுவுகிற குடும்பம் அந்த நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குவளையால் ஊற்றினால் தொட்டியில் பாதி வெறும் கழுவிய நீராகவே இருக்கும். மூக்குள்ள பீச்சும் பாட்டிலில் அதில் கால்வாசி நீரே போதும்.

பெரிய தொட்டி வாங்கினால் அடிக்கடி கொட்ட வேண்டாமே என்று தோன்றும். ஆனால் நிரம்பிய 20 லிட்டர் தொட்டி 20 கிலோவைத் தாண்டும், அதைக் கொட்டும் இடம் வரை ஒருவர் கையில் தூக்கிப் போக வேண்டும். யார் தூக்கப்போகிறாரோ அவரிடம் கேட்டு அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை.

கொட்டும் வேலையை நினைத்தே பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. நேரில் பார்த்தால் அந்த அருவருப்பு பாதி குறையும். பக்கக் கொக்கியை விடுவித்தால் மேலடுக்கு தனியே வந்துவிடும். தகடு மூடிய நிலையில் கீழ்த் தொட்டியைப் பெட்டிபோலத் தூக்கிச் செல்லலாம். கொட்டும் இடத்தில் குழாய்மூக்கை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றி, தொட்டியைச் சாய்க்க வேண்டும். சாய்த்த பிறகு கட்டைவிரலால் காற்றுப் பொத்தானை அழுத்த வேண்டும். காற்று உள்ளே போனால் ஒரே சீராக வழியும். அழுத்த மறந்தால் களக் களக்கென்று குதித்து மேலே தெறிக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, இரண்டு முறை அலசி, வாடையை அடக்கும் கழிப்பறை மருந்தைப் புதிதாகவும் சிறிது நீரையும் ஊற்றினால் வேலை முடிந்தது. கையுறை போட்டுக்கொண்டால் கையில் எதுவும் படாது.

இன்னொன்றும் உண்டு. மலை ஏறும்போதும் வெயிலில் நிற்கும்போதும் மூடிய தொட்டிக்குள் காற்றழுத்தம் கூடும். அந்த நிலையில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு தகட்டைச் சட்டென்று இழுத்தால் உள்ளிருப்பது மேலே பீறிடும். உட்காருவதற்கு முன்பே, இருக்கை மூடியைச் சாத்திவைத்துத் தகட்டை மெதுவாகக் கொஞ்சம் திறந்து காற்றை வெளியேற்றிவிட வேண்டும். குழந்தைகளுக்கு இதைச் செய்துகொடுப்பது பெரியவர்கள் வேலை.

கொட்டுவது எங்கே? கழிவு கொட்டுவதற்கென்றே தளங்களில் ஒதுக்கிய இடத்தில் மட்டும். பாத்திரம் கழுவும் நீர் போகும் வடிகாலிலும் புதர் மறைவிலும் கொட்டுவதை மன்னிக்கவே முடியாது. அது அடுத்துத் தங்குகிறவர்களின் ஆரோக்கியத்தில் கை வைப்பது. பொதுக் கழிப்பறையின் பீங்கானில் ஊற்றலாமா என்பதைத் தள அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் விடமாட்டார்கள். மருந்திலும் கவனம் வேண்டும். ஃபார்மால்டிஹைடு கலந்த பழைய வகை மருந்துகள், செப்டிக் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களையே கொன்றுவிடும். நொதி வகை மருந்துகளையே வாங்குங்கள்.

பல குடும்பங்களுக்கு ஒத்துவரும் விதி ஒன்று இருக்கிறது: ஒன்றுக்கு மட்டும் கேம்பருக்குள், இரண்டுக்குத் தளத்துக் கழிப்பறை. வாடையும் குறையும், கொட்டுவதும் எளிதாகும். ஆனால் பிள்ளைக்கு இரவில் வயிற்றுப்போக்கு என்றால் விதியை அந்தக் கணமே மறந்துவிட வேண்டும். அப்போது முகம் சுளித்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை வலியைச் சொல்லாமல் மறைக்கும்.

பொருத்திய கேசட் கழிப்பறைக்கு வருவோம். பெரிய பாப்-அப் மாடல்கள் சிலவற்றில் ஷவரோடு சேர்த்து இது வருகிறது. ஏறத்தாழ 18 லிட்டர் தொட்டியை வண்டியின் வெளிப்புறக் கதவு வழியாக உருவிக் கொட்டலாம். ஆட்டமில்லாமல் உட்காரலாம், எடுத்து வைக்கும் வேலையில்லை. வசதிதான். ஆனால் இதற்காக 24 மணி நேரமும் ஒரு மூலையை விட்டுக்கொடுக்கிறோம், வண்டியின் எடையும் கூடுகிறது. கூரையே மடியும் வண்டி என்பதால் இந்த மூலையைச் சுற்றியும் முழு உயரச் சுவர் நிரந்தரமாக நிற்க முடியாது. ஒன்று மடிக்கும் தடுப்பு, இல்லையென்றால் திரை. தனிமைக்காக என்று நினைத்துத்தான் பலர் இதைக் கேட்கிறார்கள். கையடக்கக் கழிப்பறையைச் சுற்றி ஒரு திரை போட்டாலும் கிடைப்பது கிட்டத்தட்ட அதே தனிமைதான். வாரக்கணக்கில் வசதியற்ற இடங்களில் தங்குகிறவர்களுக்கும், உடல் சிரமத்தால் உறுதியான பிடிமானம் தேவைப்படுகிறவர்களுக்கும் இது தகும். வார இறுதியில் மட்டும் போகிறவர்கள் அந்த இடத்தை அலமாரிக்கு விடலாம்.

மட்கவைக்கும் கழிப்பறையும், ஒவ்வொரு தடவையும் பையில் சுற்றி மூடும் மின்கலக் கழிப்பறையும் கூட இருக்கின்றன. முன்னதில் சிறுநீர் தனியாகப் பிரியும், வாடை குறைவு. ஆனால் இரண்டு மூன்று நாளில் எதுவும் மட்காது. அதற்கு வேண்டிய காற்றோட்டக் காற்றாடியும் குழாயும் வைக்கத் துணிச்சுவர் வசதிப்படாது. பின்னதற்கு ஒரு பைச் சுருளில் பதினைந்து சொச்சம் தடவைதான் வரும், ஒரு குடும்பத்துக்கு அது ஒரு நாளில் தீர்ந்துபோகும். இரண்டையும் பாப்-அப் குடும்பத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

எதை வாங்கினாலும் எங்கே வைப்பது என்பது பாதி வெற்றி. சிறு பிள்ளைகளுக்கு உள்ளேயே, கதவோரம், அடியில் விரிப்போடு. ஃபிளஷ் தண்ணீரின் மேல் கழிப்பறைக் காகிதத்தை விரித்துவிட்டால் இரவின் அமைதியில் சத்தம் அவ்வளவாகக் கேட்காது. பதின்வயதுப் பிள்ளைகள் தம்பி தங்கையும் பெற்றோரும் படுத்திருக்கும் இடத்தில், திரைக்குப் பின்னால் என்றாலும், உட்காரத் தயங்குவார்கள். அந்தக் கூச்சத்தை மதிக்க வேண்டும். அவர்களுக்காகக் கேம்பரை ஒட்டி ஒரு ஆள் உயரக் கழிப்பறைக் கூடாரம் அடித்து, கழிப்பறையை அதற்குள் வைத்துவிடலாம். காற்றுக்குச் சாயாமல் நான்கு மூலையிலும் முளை அடித்துக் கட்டுங்கள். கை கழுவ சோப்பும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு குடும்பத்தையே வாந்தியில் படுக்கவைக்கும் நோரோவைரஸிடம் ஆல்கஹால் ஜெல் சரியாக எடுபடாது.

கிளம்பும் நாளில் தொட்டி காலியாக இருக்க வேண்டும். இழுத்துச் செல்லும் வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் இறங்கினால்தான் வண்டி நேராக ஓடும். அச்சுக்குப் பின்னால் 20 கிலோ திரவம் அலையடித்தால் அந்த விகிதம் குறைந்து, வேகத்தில் வண்டி பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும்.

வாங்கும் முன் இரண்டு உயரங்களை அளந்துகொள்ளுங்கள். ஒன்று, கேம்பர் மூடியிருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் கிடைக்கும் இடம். இன்னொன்று, கழிப்பறை இருக்கையின் உயரம். சின்ன மாடல்கள் 30 சென்டிமீட்டர் அளவில் பெஞ்சுக்கடியில் எளிதாக நுழையும். குழந்தைகளுக்கும் அது வாகாக இருக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு 40 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். தாத்தா பாட்டி கூட வருவார்கள் என்றால் அவர்களைக் கடைக்கே அழைத்துப்போய், எதையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். எழச் சிரமப்பட்டால் உயரமான மாடலை வாங்கிவிட்டு, பெஞ்சுக்கடியில் வைக்க நினைத்த இடத்தை வேறு சாமானுக்குக் கொடுத்துவிடுங்கள்.