மெக்சிக்கோ நகரத் தெருச் சாப்பாட்டு நடை: விரத நாளில் பதிய வேண்டாம்

மெக்சிக்கோ என்றால் எங்கள் ஆட்களுக்குக் கான்கூன்தான். கனடாக் குளிர் தாங்காமல் வெளிக்கிட்டு, கடற்கரை ஹோட்டலில் கையில் பட்டி கட்டிக்கொண்டு மூன்று நேரமும் பஃபே சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி குடும்பத்தோடு போனபோது நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். பெறாமகள் பிடிவாதமாக மெக்சிக்கோ நகரத்துக்குக் கூட்டிப்போய், பழைய நகரப் பகுதியில் தெருச் சாப்பாட்டு நடை ஒன்றுக்கும், அதாவது வழிகாட்டியோடு கடை கடையாக நடந்து சாப்பிடும் சுற்றுக்கும், பதிந்து வைத்தாள். கொக்குவிலில் இருந்து போன எனக்கும் இவருக்கும் அது சரிவந்ததா என்று ஊரில் பலரும் கேட்பதால் எழுதுகிறேன். நடத்திய கொம்பனியின் பெயரைப் போடவில்லை. அங்கே இப்படி நடத்துகிறவர்கள் நிறையப் பேர்.

ஆளுக்கு 70 அமெரிக்க டொலர். எங்கள் காசில் 20,000 ரூபாய்க்கு மேல். காலை பத்து மணிக்குத் தொடங்கி நான்கு மணித்தியாலம். சாப்பாடு அதற்குள் அடக்கம், வழிகாட்டிக்குக் கொடுக்கும் சந்தோஷக் காசு வேறு. தெருவில் ஒரு டாக்கோ (சிறிய சோள ரொட்டியில் இறைச்சியோ கறியோ வைத்துத் தருவது) 20, 25 பெசோ, ஒன்றரை டொலர்கூட வராது. ஆகவே கொடுக்கும் காசில் பெரும்பகுதி கூட வருகிற ஆளுக்குத்தான். எங்களுக்கு வாய்த்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல ஆங்கிலம். ஒவ்வொரு தட்டிலும் என்ன இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டுச் சொன்ன பிறகுதான் எங்கள் கையில் தந்தாள். அந்த ஒன்றுக்காகவே முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஏனென்றால் அன்று வெள்ளிக்கிழமை. இவர் வெள்ளியில் மச்சம் தொடமாட்டார். பதியும்போதே சைவம் என்று குறித்திருந்தோம். முதல் நிறுத்தத்தில் ஒரு அம்மா தணல் அடுப்பில் தட்டை வைத்து, நீலச் சோள மாவுக்குள் மசித்த அவரை வைத்து நீள்வட்டமாகத் தட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார். பெயர் த்லகோயோ. மேலே நறுக்கிய கள்ளி, வெங்காயம், துருவிய வெண்சீஸ். கள்ளி என்றால் நாகதாளி இனந்தான், முள்ளைச் சீவிவிட்டுக் கறியாக்குகிறார்கள். லேசான புளிப்பு, வெண்டிக்காய் வழவழப்பு. இவர் வாயருகே கொண்டு போகையில் அந்தப் பிள்ளை கையைக் காட்டித் தடுத்தாள்: அவரையைத் தாளித்தது பன்றிக் கொழுப்பில். அங்கே பல கடைகளில் அதுதான் வழக்கமாம். சோள மடலில் கட்டி அவிக்கும் தமால் மாவிலும் பன்றிக் கொழுப்பை அடித்துச் சேர்ப்பது வழமை. இறைச்சி கண்ணுக்குத் தெரியாததால் சைவம் என்று நினைத்துத் தின்றுவிடக்கூடிய சாப்பாடுகள் இவை. மெக்சிக்கோவுக்குப் போகிற சைவக்காரர் எல்லாரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிறகு இவருக்குக் கிடைத்ததெல்லாம் பூசணிப்பூ வைத்த கேசடியாதான், மடித்துச் சுட்ட சோள ரொட்டி. பெயரிலேயே சீஸ் இருந்தாலும் அந்த நகரத்தில் சீஸ் வேண்டுமென்று தனியாகச் சொன்னால்தான் உள்ளே வைப்பார்கள். முதலாவது அருமை. மூன்றாவது கடையிலும் அதையே நீட்டியபோது இவர் பேசாமல் என்னைப் பார்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது, எதுவும் வாங்கித் தின்னாத ஓரிடம். தோர்த்தியா என்ற மெல்லிய சோள ரொட்டி சுடும் சின்னக் கடை, முன்னால் ஆட்கள் துணியோடு வரிசையில் நிற்கிறார்கள், கிலோக் கணக்கில் வாங்கிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் அவித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவிப் போக்கிய பின்தான் அரைப்பார்களாம். அப்போதுதான் மா ஒட்டும், சோளத்தில் இருக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேரும். இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் நம்பி வாழ்ந்த பிற நாட்டு ஏழைகளுக்குப் பெலாக்ரா நோய் வந்திருக்கிறது. வெற்றிலைக்குத் தவிர வேறெதற்கும் சுண்ணாம்பைச் சமையலறைக்குள் விடாத வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தக் கடைக்காரரிடம் இன்னும் கொஞ்ச நேரம் கதைத்திருக்கலாம் என்றிருந்தது.

டாக்கோ அல் பாஸ்தோர் பற்றிச் சுருக்கமாக: செங்குத்துக் கம்பியில் பன்றி இறைச்சி சுழல, சீவித் தருகிறார்கள், மேலே அன்னாசித் துண்டு. லெபனானில் இருந்து குடியேறியவர்கள் கொண்டு வந்த ஷவர்மா முறை. நானும் தங்கச்சியும் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம்.

உறைப்பு விஷயத்தில் அந்தப் பிள்ளை எங்களை வெள்ளைக்காரர் மாதிரி நடத்தினாள். பச்சைச் சல்சாவை, எங்கள் சம்பல் மாதிரித் தொட்டுக்கொள்வதை, காட்டி இதோடு நிற்கச் சொன்னாள். நான் ஹபனேரோ என்ற கடும் உறைப்பு மிளகாய் கேட்டு வாங்கினேன். உறைத்தது, உண்மைதான். ஆனால் பழவாசம் இருந்தது, அதை எதிர்பார்க்கவில்லை. சந்தைக்குள் செத்தல் மிளகாய் சாக்குச் சாக்காக இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வேலை. பொப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ, பழுத்த ஹலப்பேன்யோவைப் புகைபோட்டுக் காயவைத்தால் சிப்போட்லே. மிளகாயின் பிறப்பிடமே அந்தப் பக்கந்தானே. மாங்காய் மற்றப் பக்கத்தால் போயிருக்கிறது, ஆசியாவில் இருந்து பிலிப்பைன்ஸ் வழியாக ஸ்பானியக் கப்பலில். இப்போது தெருமூலையில் மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப் புளியும் போட்டு விற்கிறார்கள், எங்கள் பள்ளிக்கூட வாசலில் விற்பது போலவே.

குறை என்றால் மெஸ்கால் மதுக் கடைதான். நடையில் கால்வாசி நேரம் அங்கே போனது. குடிக்கிறவர்களுக்குச் சரி, எங்களுக்குப் போத்தல் வாங்கச் சொல்லும் பிரசங்கமாகத்தான் இருந்தது. அந்த நேரத்தைத் தோர்த்தியாக் கடைக்குக் கொடுத்திருக்கலாம். கடைசியாக 1935இல் தொடங்கிய எல் மோரோ என்ற கடையில் சுரோவும் (எண்ணெயில் பொரித்த நீள மாப் பலகாரம்) சூடான சொக்லேற்றும். அதற்குள் வயிற்றில் இடமில்லை, காகிதப் பையில் போட்டுக்கொண்டு வந்தோம்.

போகிறவர்கள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போங்கள். நகரம் 2,240 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கடல் மட்டத்தில் நடந்து பழகிய எங்களுக்கு மூச்சு வாங்கும், ஆகவே இறங்கிய மறுநாளே பதியாதீர்கள். விரத நாளும் வேண்டாம். முழுச் சைவமென்றால் கொழுப்புச் சேர்க்காத கடைகள் எத்தனை என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இவருக்கு முழுக் காசும் எடுத்தது பற்றிப் பெறாமகள் கொம்பனிக்கு எழுதினாள். அடுத்த முறை பத்து வீதம் கழிவு தருவதாகப் பதில் வந்திருக்கிறது.