சொந்த ஓவியங்களை மாட்ட எது ஏற்றது: ஆணியா, தட்டா, தொங்குகம்பியா?

விலைக்கு வாங்கிய ஓவியம் ஒருமுறை சுவரில் இடம்பிடித்துவிட்டால் பல ஆண்டுகள் அங்கேயே இருந்துவிடும். வரைபவரின் வீட்டில் அப்படி நடப்பதில்லை. புதிய படங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆறு மாதங்களுக்கு முன் பெருமையோடு மாட்டிய படத்தில் இன்று கோணலான தோளும் சேறுபட்ட நிழலும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ஆகவே சொந்த ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும் முறைகளை ஒப்பிடும்போது, உறுதியையும் தோற்றத்தையும் விட, படத்தை எவ்வளவு எளிதாக மாற்ற முடியும் என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்த அளவுகோலில் ஆணி பின்தங்கியே நிற்கிறது. மற்ற வகைகளில் அதற்கு நிகரில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்: படம் சுவரோடு ஒட்டி நிற்கும், எடை தாங்கும், உயரத்தைத் துல்லியமாக அமைக்கலாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டுவது காட்சிக்கூடங்களில் பரவலான வழக்கம். வீட்டில் பெரும்பாலும் அமர்ந்தபடி பார்க்கும் அறையாக இருந்தால் இன்னும் சற்றுத் தாழ்த்தலாம். ஒரே ஆணியில் கம்பியைத் தொங்கவிடுவதை விட இரண்டு ஆணிகளில் மாட்டினால் படம் சாயாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், அடுத்த படத்தின் அளவு வேறாக இருக்கும்போதுதான். பழைய துளையை அடைத்து, பூச்சு பூசி, புதிய துளை போட வேண்டும் என்ற எண்ணமே பலரைத் தடுத்துவிடுவதால், மாற்ற வேண்டிய படம் மாறாமலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு. ஒரே அளவில், உதாரணமாக 30×40 செ.மீ. அளவில், தொடர்ந்து வரைந்து, எல்லாச் சட்டங்களிலும் மாட்டும் வளையங்களை மேல்விளிம்பிலிருந்து ஒரே தொலைவில் பொருத்திவிட்டால், அதே ஆணிகளில் எந்தப் படத்தையும் மாட்டலாம். ஆனால் சுவருக்காகக் கேன்வாஸின் அளவைக் கட்டுப்படுத்திக்கொள்ள எல்லா ஓவியர்களுக்கும் மனம் வராது.

முன்விளிம்பு உள்ள குறுகிய பலகையைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் படங்களைச் சாய்த்து வைக்கும் தட்டு முறையில் இந்தத் தடை அறவே இல்லை. ஒரு படத்தை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது. அதைவிட முக்கியமான பயன் ஒன்று வரைபவருக்கு மட்டுமே உரியது: முடிவடையாத படத்தையும் அங்கே வைத்து, காலை ஒளியிலும் விளக்கொளியிலும், அறையின் மறுகோடியிலிருந்தும், வேறு வேலையாகக் கடந்து செல்லும்போதும் பார்க்கலாம். வரையும் பலகையின் முன் பல மணி நேரம் அமர்ந்தும் பிடிபடாத குறை, அப்படிக் கடந்து செல்லும் பார்வையில் சட்டென்று பிடிபடுவதுண்டு. சட்டமிடப்பட்ட முடிந்த படங்களை மட்டுமே ஏற்கும் சுவரில் இதற்கு இடமில்லை.

தட்டின் குறைகளும் சிறியவை அல்ல. பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கண்ணாடியிட்ட படங்களில் மேல்விளக்கின் ஒளி பிரதிபலித்துக் கண்ணை உறுத்தும். படங்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைப்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் முன்னால் இருக்கும் சட்டத்தின் மூலை பின்னால் இருக்கும் கேன்வாஸை அழுத்திப் பள்ளம் விழச் செய்யும். பெரிய கேன்வாஸ்கள் அங்கே நிலையாக நிற்பதில்லை. சிறு குழந்தைகளோ பூனையோ இருக்கும் வீட்டில் தட்டைக் கைக்கெட்டாத உயரத்தில் வைக்க நேரும். அப்போது அதன் பயனில் பாதி போய்விடும்.

கூரையை ஒட்டிய உலோகத் தண்டிலிருந்து கயிறோ மெல்லிய கம்பியோ இறக்கி, நகரும் கொக்கியில் மாட்டும் தொங்குகம்பி முறை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. துளை ஒருமுறை மட்டுமே போட வேண்டும்; பிறகு இடத்தையும் உயரத்தையும் விருப்பப்படி மாற்றலாம், பெரிய படங்களையும் ஏற்கலாம். காட்சிக்கூடங்கள் இதை விரும்புவதற்கும் அதுவே காரணம். படம் சற்று முன்னோக்கிச் சாய்வதால் மேல்விளக்கின் பிரதிபலிப்பும் குறையும். கம்பி கண்ணில் படுவதைச் சிலர் விரும்புவதில்லை. எனக்கு அது உறுத்துவதில்லை. கதவை அறைந்து சாத்தினால் படம் அசைவதுதான் உறுத்துகிறது. அகலமான படத்துக்கு இரண்டு கம்பிகள் இட்டால் அந்த அசைவு பெருமளவு அடங்கும். ஒட்டுப்பட்டைகளைப் பொறுத்தவரை, சட்டமில்லாத தாள் ஓவியங்களுக்கு அவை போதும். ஈரம் கசியும் சுவரிலும் சொரசொரப்பான சுவரிலும் அவற்றை நம்பிக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டுவது விவேகமன்று.

எளிதாக மாற்றும் வசதியை நான் வலியுறுத்துவதற்கு ரசனையைத் தாண்டிய காரணமும் உண்டு, அது ஒளி. அருங்காட்சியகங்கள் நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவு ஒளியையும், எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு ஏறத்தாழ 200 லக்ஸையும் வரம்பாகக் கொள்கின்றன. பகலில் சன்னல் அருகே இருக்கும் சுவர் இவ்வளவுகளை மிக எளிதாகத் தாண்டிவிடும். ஒளியால் ஏற்படும் வெளிறல் சேர்ந்துகொண்டே போவது, திரும்ப மீளாதது. அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு போன்ற நிறமிகள் மெல்லிய நீர்வண்ணப் பூச்சில் விரைவாகவே மங்கும். புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி இதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைக் கெடுக்கிறது. ஆண்டில் பாதியைச் சுவரிலும் மறுபாதியை இருண்ட கோப்பிலும் கழிக்கும் நீர்வண்ணப் படத்துக்குப் பாதிப்பும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எண்ணெய் வண்ணத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது: நீண்ட காலம் இருளில் வைத்தால் ஆளி விதை எண்ணெய் மஞ்சள் பாய்ந்துவிடும், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பெருமளவு தெளியும். எனவே மாற்றி மாற்றி மாட்டும் சுவரை நீர்வண்ணத்துக்கும், நிலையான சுவரை எண்ணெய் வண்ணத்துக்கும் ஒதுக்குவது பொருத்தமான பங்கீடு.

கண்ணாடி வேண்டுமா என்பதும் ஊடகத்தைப் பொறுத்ததே. நீர்வண்ணத்துக்குக் கண்ணாடியும், தாள் அதில் ஒட்டாதபடி இடைவெளி தரும் அமிலமற்ற அட்டையும் தேவை. அக்ரிலிக் வண்ணம் வெப்பத்தில் இளகித் தூசியைப் பற்றிக்கொள்ளும் என்பதால் வார்னிஷ் என்னும் பாதுகாப்புப் பூச்சைப் பூசுவது நல்லது. அதன் மேற்பரப்பு கண்ணாடியைத் தொடவே கூடாது. எண்ணெய் வண்ணத்துக்குக் கண்ணாடி அவசியமில்லை, ஆனால் வழக்கமான இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தூசி படிய வாய்ப்புள்ள தட்டில் கழிப்பதை விடத் தொங்குகம்பியில் கழிப்பதே மேல்.

எஞ்சியிருப்பது, நெருக்கமாக மாட்டுவதா, தனித்து மாட்டுவதா என்ற பழைய வழக்கு. பாரிஸில் நடந்த சலோன் என்னும் பெரிய ஓவியக் கண்காட்சிகளில் சுவரின் கீழ்ப்பகுதியிலிருந்து கூரை வரை படங்களை அடுக்கினார்கள். உச்சியில் இடம் கிடைத்த ஓவியர்கள் முறையிட்டதில் வியப்பில்லை. வீட்டில், சிறு பயிற்சிப் படங்களை நெருக்கி மாட்டும்போது தனித்து நிற்க வலுவில்லாதவையும் கூட்டத்தில் எடுபடுகின்றன. பெரிய படத்தை அந்தக் கூட்டத்தில் சேர்த்தால் அது மற்றவற்றை விழுங்கிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆணிக்கென்று ஓரிடம் இருக்கிறது. 1888-இல் ஓவியர் வான்கோ, பிரான்சின் ஆர்ல் நகரில் தம் வீட்டுக்கு வரவிருந்த சக ஓவியர் கோகானின் வரவை எதிர்நோக்கிச் சூரியகாந்திப் படங்களை வரைந்தார். அவற்றுள் இரண்டைக் கோகானின் படுக்கையறையில் மாட்டினார். படத்துக்குச் சுவர் தேடாமல், சுவரை முதலில் தேர்ந்து அதன் அளவுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப வரையும் ஓவியத்தை மாற்ற வேண்டிய தேவை எழாது. அத்தகைய படத்துக்குத் தட்டும் வேண்டாம், தண்டும் வேண்டாம். இரண்டு ஆணிகளே போதும்.