காரின் பளபளப்பைத் தின்பது துடைக்கிற துணிதான்: கழுவல், பாலிஷ், கோட்டிங் – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இரவில் கைபேசி டார்ச்சை பானெட்டுக்கு ஒரு அடி மேலே பிடித்துப் பாருங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். உண்மையில் அங்கே வட்டக் கீறல் எதுவும் கிடையாது. எல்லாத் திசையிலும் கிடக்கிற பொடிக் கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகப் படுகிறது. கருப்பு, அடர்நீலக் கார்களில் இது முகத்தில் அடித்த மாதிரி தெரியும். வெள்ளையிலும் வெள்ளி நிறத்திலும் அதே அளவு இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தட்டுப்படாது.

இந்தக் கீறல்களில் பெரும்பகுதி ஓட்டும்போது விழுந்ததல்ல, துடைக்கும்போது விழுந்தது. காலையில் எடுத்தவுடன் காய்ந்த துணியால் தூசியைத் தட்டித் துடைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதைவிடப் பெயின்ட்டுக்குப் பெரிய எதிரி இல்லை. தூசி என்று நாம் சொல்வதில் மணல் பொடியும் கலந்திருக்கும். இறகுத் துடைப்பமோ மெழுகு தடவிய தூசித் துடைப்பமோ, காய்ந்த பரப்பில் இழுத்தால் பலன் ஒன்றுதான். நாலு நாள் தூசியோடு கார் நின்றால் குடி முழுகிப் போகாது. தினமும் துடைத்தால்தான் போகும்.

ஏன் இவ்வளவு கவலை என்றால், நிறத்துக்கு மேலே இருக்கிற நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான் கனம்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லிசு என்று வைத்துக்கொள்ளலாம். பளபளப்பு, வெயில் தடுப்பு எல்லாம் அதற்குள்தான். பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது இல்லை. கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியிருப்பதைச் செதுக்கி எடுப்பது. எடுத்தது திரும்பி வராது. அதனால் ஒழுங்காகக் கழுவுகிறவருக்குப் பாலிஷ் செலவு தானாகக் குறையும். தப்பாகக் கழுவிவிட்டு வருஷா வருஷம் பாலிஷ் போடுகிறவரின் காரில் ஒருநாள் கிளியர் கோட் செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். அதற்கு மறுபெயின்ட் தவிர வைத்தியம் இல்லை.

கழுவலுக்கு வருவோம். நிழலில், பானெட் கைக்குச் சூடு தெரியாத நிலையில்தான் தொடங்க வேண்டும். சூடான தகட்டில் ஷாம்பு காய்ந்து கறையாகப் படியும். முதலில் சக்கரம். பிரேக் தூசி அங்கேதான் அதிகம் என்பதால் அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனித் துணி. சக்கரம் துடைத்த துணி அதன் பிறகு எந்தக் காரணத்துக்கும் பாடி மேல் படக் கூடாது. அடுத்து மேலிருந்து கீழாக வெறும் தண்ணீர் அடித்து மண்ணை இறக்க வேண்டும். பிரஷர் வாஷர் என்றால் விசிறி நாசில், குறைந்தது 30 செ.மீ. தூரம். கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்திலும் ஸ்டிக்கர் ஓரத்திலும் கிட்டத்தில் அடித்தால் உரித்துக்கொண்டு வந்துவிடும்.

ஷாம்பை நுரையாகப் பீய்ச்சுகிற ஃபோம் கேன் பற்றிப் பெரிய பேச்சு நடக்கிறது. நுரை பார்க்க அழகு, ஆனால் தொடாமல் கார் சுத்தமாகும் என்று நம்ப வேண்டாம். சேற்றை நான்கைந்து நிமிடம் ஊறவைத்து இளக்குவதுதான் அதன் வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நுரை காய்வதற்குள் அலசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கை வைக்கிற கட்டத்தில் இரண்டு வாளி முறைக்கு இன்றுவரை மாற்று தென்படவில்லை. ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர், ஒவ்வொன்றும் 10 முதல் 15 லிட்டர். ஷாம்பு பொதுவாக 10 லிட்டருக்கு 20–30 மி.லி. போதும், குப்பியில் போட்டிருக்கிற அளவே இறுதி. அதிகம் ஊற்றினால் சுத்தம் கூடாது, அலசத்தான் தண்ணீர் கூடும். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு கதவை முடித்ததும் வெறும் தண்ணீர் வாளியில் போட்டு, அடியில் இருக்கிற சல்லடைத் தட்டில் இரண்டு மூன்று தடவை தேய்த்துப் பிழிந்து, பிறகுதான் மறுபடி ஷாம்பு. முழுக் காரும் முடிந்ததும் அந்த வெறும் தண்ணீர் வாளியை மெதுவாகச் சாய்த்துக் கொட்டிப் பாருங்கள். அடியில் கருமணல் ஒரு விரல் நுனி அளவாவது தங்கியிருக்கும். ஒரே வாளி முறையில் அந்த மணல் முழுவதும் பானெட் மேல் ஊர்வலம் போயிருக்கும்.

ஸ்பாஞ்சு வேண்டாம். அதன் பரப்பு தட்டையாக இருப்பதால் மணல் உள்ளே போக இடமின்றி பெயின்ட்டுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். கையுறையில் நூல் நீளமாக இருப்பதால் மணல் உள்ளே இழுபடும். தேய்க்கும்போது அழுத்தக் கூடாது, கையின் எடையே அதிகம். மேல்கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்று இறங்கி, கதவின் கீழ்பாதியும் பின் பம்பரும் கடைசியில். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் பெயின்ட்டை உடனே அரித்துவிடும் என்பது மிகை. ஆனால் பெயின்ட் மேல் போட்டு வைத்த மெழுகுப் பூச்சை, அதாவது வாக்ஸைக் கழற்றிவிடும், வழுக்கும் தன்மையும் குறைவு.

தண்ணீர் கிடைப்பதே பாடு என்றால் அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் திரவங்கள் இருக்கின்றன. பலவற்றின் அளவு 256-க்கு 1, அதாவது 10 லிட்டருக்குச் சுமார் 40 மி.லி. ஒரே வாளியில் ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளை ஊறப்போட்டு, ஒரு பகுதிக்கு ஒரு துணி என்று எடுத்துத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். பயன்படுத்திய துணி திரும்ப வாளிக்குள் போகக் கூடாது, அதில்தான் சூட்சுமம். தூசி படிந்த காருக்கு இது அருமையான முறை. சேறு அப்பிய காருக்குச் சரிப்படாது.

உலர்த்துவதை அலட்சியமாகச் செய்கிறவர்கள்தான் அதிகம். தானாகக் காயவிட்டால் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டங்களாகத் தங்கும். உப்புத் தண்ணீரில் இது இன்னும் மோசம். முறுக்கு நூல் வைத்த பெரிய உலர்த்தும் துண்டு ஒன்று இருந்தால் முழுக் காருக்கும் போதும். விரித்துப் போட்டு, தன் எடையிலேயே மெதுவாக இழுத்தால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். கண்ணாடிக் கூடு, கைப்பிடி, நம்பர் பிளேட் இடுக்குகளில் ஒளிந்திருக்கிற தண்ணீர் பத்து நிமிடம் கழித்து வழிந்து கோடு போடும். அதற்கு ஊதுகுழல் கருவி நல்ல முதலீடு. புதிய உப்புக் கறைக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு நிமிடம் ஒற்றி, நன்றாக அலசினால் போகும். பழையது கிளியர் கோட்டைக் குழித்திருக்கும், அது பாலிஷுக்குத்தான் மசியும்.

பறவை எச்சம் மட்டும் காத்திருக்காது. அதிலிருக்கிற அமிலம் ஒரு பக்கம். வெயிலில் இளகிய கிளியர் கோட், காய்ந்து இறுகும் எச்சத்தோடு சேர்ந்து இழுபட்டுச் சுருங்குவது இன்னொரு பக்கம். கோடை வெயிலில் சில மணி நேரமே போதும், தடம் விழுந்துவிடும். சுரண்ட வேண்டாம். ஈரத் துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு அப்படியே எடுத்தால் வந்துவிடும். டிக்கியில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் இரண்டு பழைய மைக்ரோஃபைபர் துணியும் கிடக்கட்டும்.

கழுவி உலர்த்திய பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிந்தது இப்போது உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். பிரேக் டிஸ்கிலிருந்து பறந்து பதிந்த இரும்புத் துகள், தார்ப் பொட்டு, மரப்பிசின் எல்லாம் அது. இரும்புக்கு அயர்ன் ரிமூவர் அடித்தால் துகள் இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். நாற்றம் குடலைப் பிடுங்கும், கையுறை கட்டாயம், காயவிடாமல் அலச வேண்டும். மிச்சத்துக்குக் களிமண் மாதிரி இருக்கிற கிளே பார். தீப்பெட்டி அளவு பிய்த்துத் தட்டையாக்கி, ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, வழுக்கிக்கொண்டே நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும், சத்தம் அடங்கினால் அந்த இடம் முடிந்தது. அடிக்கடி மடித்துப் புதுப் பக்கம் எடுக்க வேண்டும். தரையில் விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், ஒட்டிய மணல் பிரியாது. கிளே போட்டால் கருப்புக் காரில் மெல்லிய கீறல் கொஞ்சமாவது விழும். அதனால் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் பாலிஷுக்கு முன்னால் மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பாலிஷில் சொந்தக் கைக்கு ஏற்றது, பேடு எனும் ஸ்பாஞ்சு வட்டைச் சுழற்றிக்கொண்டே அங்குமிங்கும் ஆட்டுகிற டியுவல் ஆக்‌ஷன் மெஷின்தான். ஒரே அச்சில் மட்டும் சுற்றுகிற ரோட்டரி மெஷின் ஒரே புள்ளியில் சூட்டைக் குவிக்கும். கை பழகாதவரிடம் அது வெயிலில் மினுங்கும் ஹோலோகிராம் தடங்களைத்தான் விட்டுப்போகும், ஓரங்களில் பெயின்ட்டையே எரித்துவிடும். எடுத்த எடுப்பில் கரடான பாலிஷான காம்பவுண்டைத் தொடாதீர்கள். மென்மையான பேடும் நைசான பாலிஷும் வைத்து பானெட்டில் இரண்டு சாண் சதுரத்தில் சோதித்துப் பாருங்கள். முக்கால்வாசிக் கீறல் அதிலேயே போய்விட்டால் அதுதான் அந்தக் காருக்கான அளவு. மிச்சத்தைத் துரத்த வேண்டியதில்லை. நகம் மாட்டுகிற கீறல் எதுவும் பாலிஷில் போகாது, போக வைக்க முயன்றால் கிளியர் கோட்தான் போகும்.

பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, 6 வேகம் உள்ள மெஷினில் 4 அல்லது 5. நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்தல், ஒரு வரிசை முந்தைய வரிசையில் பாதியை மூட வேண்டும், குறுக்கும் நெடுக்குமாக நாலிலிருந்து ஆறு சுற்று. பேடின் பின்தட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மெஷின் ஓடும்போது கோடு சுற்றுவது தெரிந்தால் சரி. நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது பேடு சாய்ந்திருக்கிறது, வெறும் அதிர்வுதான் மிச்சம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷால் கிளறிவிட வேண்டும். அடைத்துக்கொண்ட பேடு சூடேறித் தூள் பறத்தும். பாடியின் முனைகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லிசு என்பதால் அங்கே மாஸ்கிங் டேப். கருப்புப் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டேப் ஒட்டாவிட்டால் பாலிஷ் காய்ந்த வெள்ளைக் கறையோடு பிறகு மல்லுக்கட்ட வேண்டிவரும். பளபளப்பே இல்லாத மேட் பெயின்ட் காருக்கு பாலிஷே கூடாது, போட்ட இடம் மட்டும் பளபளத்து நிற்கும்.

பாலிஷ் முடிந்ததும் வருகிற பளபளப்பை நம்பிவிடாதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்து வைத்திருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 10–15 சதவீதமாகக் கலந்து துடைத்துவிட்டு டார்ச்சை மறுபடி பிடித்தால்தான் உண்மை தெரியும்.

அதன் மேல் என்ன பூசுவது என்பதற்கு நேர்மையான பதில்: பொறுமைக்கும் பணத்துக்கும் ஏற்றபடி. பனை இலையிலிருந்து எடுக்கிற கார்னவுபா வாக்ஸ் வெதுவெதுப்பான ஒரு ஆழத்தைக் கொடுக்கும், ஒன்றிரண்டு மாதத்தில் போய்விடும், வெயிலில் இன்னும் சீக்கிரம். செயற்கை சீலன்ட் நாலிலிருந்து ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். செலவுக்கும் பலனுக்கும் தராசில் வைத்தால் நிறையப் பேருக்கு இதுதான் தட்டு இறங்கும். பெயின்ட் மேல் கடினப் படலமாக இறுகுகிற செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு வருஷமோ மேலேயோ நிற்கும், கழுவும் வேலையைக் குறைக்கும், எச்சமும் சேறும் சுலபமாக விடுபடும். ஆனால் விளம்பரத்தில் வருகிற 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கிற கடினச் சோதனையின் அளவு. அதை வைத்துக் கல்லடியையோ சாவிக் கீறலையோ தடுக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். உப்புத் தண்ணீர் வட்டங்களும் கோட்டிங் மேல் படியத்தான் செய்யும், சில சமயம் கூடுதலாகவே. பூசிய முதல் 24 மணி நேரம் தண்ணீர் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. அடியில் இருக்கிற கீறலோடு பூசினால் கீறலும் சேர்ந்து பூட்டப்படும் என்பதால் கூலியில் பெரும்பங்கு பாலிஷுக்குத்தான் போகிறது.

தண்ணீர் முத்து முத்தாக உருள்வது நின்றால் கோட்டிங் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் மேலே அழுக்குப் படலம் மூடியிருக்கும். ஒரு நல்ல கழுவலும் அயர்ன் ரிமூவரும் போட்டால் முத்து திரும்பி வரும்.

சில்லறை விஷயங்கள். டயருக்கு நீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங் எனும் கருமைப் பூச்சை மெல்லிசாகப் பூசி, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டும்போது கதவெல்லாம் தெளிக்கும். டேஷ்போர்டுக்குப் பளபளக்கிற சிலிகான் பாலிஷ் போட்டால் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். கதவு ரப்பர் பீடிங்குக்கு வருஷம் இருமுறை கொஞ்சம் சிலிகான் கிரீஸ். மஞ்சளான ஹெட்லைட்டைப் பற்பசையால் தேய்த்தால் கொஞ்ச நாள் தெளியும், பிறகு பழையபடி மங்கும். காரணம், போன வெயில்தடுப்புப் பூச்சு திரும்ப வரவில்லை. தேய்த்த பிறகு யூவி கோட் அடித்தால்தான் நிலைக்கும்.

மைக்ரோஃபைபர் துணிகளைப் பருத்தித் துணியோடு துவைக்காதீர்கள், பஞ்செல்லாம் பிடித்துக்கொள்ளும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் நூலை மூடி உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். தண்ணீர் 40 டிகிரிக்குள் இருக்கட்டும், ஓரத்துத் தையல் பட்டையும் லேபிளும் இருந்தால் வெட்டி எறியுங்கள்.

கார் கவர் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: தூசி படிந்த கார் மேல் கவரை இழுப்பதும் உப்புத்தாளை இழுப்பதும் ஒன்று. கழுவி உலர்த்திய காருக்கு மட்டும், காற்றுப் போகிற துணிக் கவர். திறந்தவெளியில் காற்றில் படபடக்கிற மலிவான பிளாஸ்டிக் கவரைவிட, கவர் இல்லாமல் இருப்பதே மேல்.

பார்வைக்கு வராத இடங்களில்தான் துரு தொடங்கும். கதவின் அடி விளிம்பில் இருக்கிற வடிகால் துளைகளையும் வைப்பருக்குக் கீழே சருகு அடைக்கிற பகுதியையும் ஒவ்வொரு கழுவலிலும் ஒரு தடவை பாருங்கள். அங்கே அடைத்தால் தண்ணீர் கால்மிதிக்கு அடியில்தான் வந்து நிற்கும், நாற்றம் வந்த பிறகே தெரியும். சக்கர வளைவுகளின் உள்மடிப்பில் சேறு தங்காமல் அடித்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் காரை அப்படியே நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். ஈரமான பிரேக் டிஸ்கில் ஒரே இரவில் துரு படரும், பிரேக் பேடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து தடவை லேசாகப் பிரேக் அழுத்தி டிஸ்கைக் காயவைத்த பிறகு நிறுத்துங்கள்.