இரண்டு சீசன், ஒரு ரீபவுண்ட் திருகு

"மாப்ள, நீ போட்டிருக்கியே முன் ஷாக் அப்சார்பர், அது விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" என்று ஷார்ஜா நண்பன் கேட்ட அன்றுதான், என் ஜோடி சீலும் ஆயிலும் மாற்றித் திரும்பி வந்திருந்தது. அந்தப் பில் தொகையில் பின்சக்கர டயர் இரண்டும் புதிதாகவே போட்டிருக்கலாம். அந்தச் சூட்டைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வண்டி யமஹா ஒய்எஃப்இசட்450ஆர், பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கர வண்டி. ஓட்டுவது பெரும்பாலும் ஷார்ஜாவின் பதாயர் பாலைவன மணலில். ஷாக் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, கேட்டவனுக்குத் தெரியும்.

முதல் இரண்டு மாதம் இதை வெறுத்தேன். தப்பு ஷாக்கில் இல்லை, ஸ்பிரிங்கில். என் எடை 92 கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம் சேர்த்தால் நூறு. விற்ற கடைக்காரர் எடையையே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கும்போது பம்பர் போல்ட்டிலிருந்து தரைவரை ஒரு அளவு. பிறகு முழு கியரோடு நான் ஏறி உட்கார்ந்து இன்னொரு அளவு (டேப் பிடிக்க ஆள் வேண்டும், குனிந்து நீங்களே பார்த்தால் கணக்கு தப்பும்). இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். முன் சக்கரம் ஏறி இறங்கும் தூரம் ஏறக்குறைய 250 மி.மீ. அதில் முப்பது சதவீதம், அதாவது 75 அமுங்கினால் போதும். எனக்கு 105.

ஹூக் ஸ்பேனரை வைத்து, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கிற பிரீலோட் ரிங்கை இறுக்கி 75-க்குக் கொண்டுவந்தேன். எண் வந்துவிட்டது, ஆனால் சின்ன அலைமணலில்கூட வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. பெரிய குதிப்பில் பழையபடி அடிமட்டம் வரை போய் இடித்தது. ரிங்கை இறுக்கினால் வண்டி உயருமே தவிர ஸ்பிரிங் கெட்டியாகாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. என் எடைக்கான ஸ்பிரிங் தனிச் செலவு.

அதைப் போட்ட பிறகு, அடடா. இட்லித் தட்டைக் கவிழ்த்த மாதிரி வரிசையாக மேடுகள் வருமே, அந்த ஊப்ஸில் மூன்றாம் கியரில் நின்றபடி போனேன், ஹேண்டில் கையை உதறவே இல்லை. அதற்கு முன் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகத்தை, கூட்ட அதன் திருகை மூன்று கிளிக் திறக்க வேண்டியிருந்தது. ரீபவுண்ட் மெதுவாக இருந்தால் அடுத்த மேடு வருவதற்குள் ஷாக் நீளாது. ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து, ஐந்தாவது மேட்டில் கல்லாகிவிடும்.

என் பிரச்சினையே அந்த மூன்று கிளிக்தான். ஷாக் அமுங்கும் வேகத்தை மாற்றுகிற கம்ப்ரெஷன் திருகு மேலே ஆயில் டப்பாவில், கைக்கு எட்டுகிற இடத்தில். ரீபவுண்ட் திருகோ கீழே, சக்கரத்தைத் தாங்குகிற ஏ-ஆர்ம் ஓரமாக, சக்கரம் வாரியடிக்கிற மணலுக்கு நேர் எதிரே. இங்கே மணல் மாவு போல இருக்கும். நாலு ரைடு போனால் உள்ளே புகுந்து 'டிக்' சத்தத்தையே தின்றுவிடும். எத்தனை கிளிக் என்று எப்படி எண்ண? கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, ஒற்றை விரலால் திருகிப் பார்த்தும் தெரியவில்லை. கடைசியில் வீட்டுக்காரியின் நெயில் பாலிஷை எடுத்து, முழுக்க மூடிய நிலையில் திருகிலும் பாடியிலும் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். இப்போது சுற்றை எண்ணுகிறேன். இவ்வளவு காசு வாங்குகிறவனுக்கு அங்கே ஒரு ரப்பர் மூடி போட மனசு வரவில்லை.

காலையில் வைத்த செட்டிங் பதினொரு மணிக்கு நிற்காது என்பது வேறு விஷயம். சூட்டில் ஆயில் இளகும், ரீபவுண்டை இரண்டு கிளிக் மூடணும். எல்லா ஷாக்குக்கும் உள்ளதுதான், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மூட அதே திருகிடம்தானே போகணும்!

சர்வீஸுக்கும் கண்ட இடத்தில் கொடுக்க முடியாது. ஷாக்குக்குள் நைட்ரஜன் வாயுவை அடைக்கணும், நைட்ரஜன் என்றதும் டயர் கடைக்கு ஓடாதே. டயருக்கு அடிக்கிற அழுத்தம் இதற்கு எந்த மூலைக்கு?

ஆக, மாப்ள, வாங்காதே. நீ 70 கிலோ, மாதம் ஒரு ரைடு. வண்டியோடு வந்த கம்பெனி ஷாக்கையே பிரித்து ஆயில், சீல் மாற்றினால் உனக்குத் தாராளம். என்னுடையதைத் தருவாயா என்று மட்டும் கேட்காதே, தர மாட்டேன். என் பழைய கம்பெனி ஷாக் ஜோடி கட்டிலுக்கடியில் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போ.