கட்டமா, முட்டுச்சந்தா: நகரம் வளரும்போது எது தாங்கும்?

நகரத்தின் ஓரத்தில் புதிதாக மனை பிரிக்கும்போது பெரும்பாலும் இரண்டு தெரு அமைப்புகள்தான் போட்டியிடுகின்றன. ஒன்று, குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் வெட்டிக்கொள்ளும் கட்டம். மற்றது, பெரிய சாலையிலிருந்து கிளைபிரிந்து முட்டுச்சந்துகளில் முடியும் அமைப்பு.

முட்டுச்சந்தின் பக்கமும் நியாயம் உண்டு. வேற்று வண்டி உள்ளே வராது, பிள்ளைகள் தெருவில் விளையாடலாம். நாற்சந்தியில் வண்டிகள் மோதக்கூடிய புள்ளிகள் 32 என்பது பொறியாளர் கணக்கு, முச்சந்தியில் 9தான். மனை விற்பவருக்கும் ரோட்டுக்கு விடும் நிலம் மிச்சம். 1929-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் எழுந்த ராட்பர்ன் குடியிருப்பு இந்தப் பாணியில்தான் பெயர் வாங்கியது. அங்கே வீடுகளுக்குப் பின்னால் நடைபாதைகளும் பூங்காவும் தொடர்ந்து ஓடின. பின்னால் நகலெடுத்தவர்கள் பலர் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள்!

அப்புறம் என்ன, மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்கும் ஊரைச் சுற்றித்தான் போகவேண்டும். பேருந்து உள்ளே நுழைந்தால் திரும்ப வழியில்லை. எல்லா வண்டியும் ஒரே பிரதான சாலையில் வந்து விழும். அமெரிக்காவில் இந்த மோகம் 1990-களின் நடுவில் உச்சம் தொட்டுத்தான் இறங்கியது.

கட்டத்திலும் தொல்லை உண்டு: குறுக்குவழி தேடும் வண்டிகள் எல்லாத் தெருவிலும் புகும். ஆனால் அதைப் பிறகு சரிசெய்ய முடியும். பார்சிலோனாவில் பொறியாளர் செர்தா 1859-ல் வகுத்த கட்டங்களில், இப்போது சில இடங்களில் ஒன்பது கட்டங்களை ஒன்றாக்கி, கடந்துபோகும் வண்டிகளை வெளிவட்டத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். நாலு பூந்தொட்டி, ஒரு பலகை, வேலை தொடங்கிவிடும். முட்டுச்சந்தைத் திறக்கவோ யாருடைய வீட்டையாவது வாங்கி இடிக்கவேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு கட்டத்துக்கு. நகரம் வளரும் முன்பே கட்டத்தைப் போட்டுவைக்கவும் முடியும்: மன்ஹாட்டனுக்கு 155-ஆம் தெரு வரை 1811-லேயே கோடு போட்டபோது நியூயார்க்கின் மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம்தான்.

கட்டம் போட்டாலே நகரம் பரவாது என்று நம்பவேண்டாம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு மைலுக்கு ஒரு பிரதான சாலை, மேலிருந்து பார்த்தால் அசல் கட்டம்; பல இடங்களில் உள்ளே போனால் வளைந்து போய் முட்டுச்சந்தில் முடியும் தெருக்கள்.

இரண்டையும் கலந்த ஊர் நெதர்லாந்தின் ஹவுட்டன். கார் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு வெளிவட்டச் சாலை வழியாகத்தான் போகவேண்டும். சைக்கிளிலும் நடந்தும் ஊருக்குள் நேராகப் போகலாம். முட்டுச்சந்தேதான் வேண்டும் என்பவர்கள், கடைசி மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்காவது வழி விடட்டும்.